எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் சத்தம் ஆரம்பித்தது. காரின் முன்பக்கத்தில் யாரோ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வருவதுபோல முதலில் கேட்டது. தேனி ஊருக்குள் நுழையும்போது ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சாந்தி, “என்னங்க, ஏதோ கழண்டு விழப்போற மாதிரி இருக்கே” என்றாள். “டேப்பட் சத்தம். பழைய வண்டின்னா அப்படித்தான்” என்றேன். எனக்குத் தெரியாததை அடித்துச் சொல்வது என் குணம்.

தஞ்சாவூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் மோட்டார் பிரிவு குமாஸ்தா நான். விபத்து எப்படி நடந்தது என்று வண்டிக்காரர்கள் எழுதிக் கொடுக்கிற கதைகளைப் படித்து, எந்த வரி பொய் என்று பென்சிலால் கோடு போட்டு மேலே அனுப்புவது வேலை. இருபது வருடமாக மற்றவர்கள் பொய்யைப் பிடித்துப் பிடித்து, நான் யோக்கியன் என்ற எண்ணம் எனக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணம் இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்று, மே மாதம். குமுளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் தங்கை புது வீடு கட்டியிருந்தாள். திங்கட்கிழமை விடிகாலை பால்காய்ப்பு. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் முந்தின வருடம்தான் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடமிருந்து பதினெட்டு வயதான அம்பாசடர் ஒன்றை வாங்கியிருந்தேன். தங்கை வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். தஞ்சாவூருக்கு மேற்கே உலகம் இல்லை என்று நினைக்கிற சாந்திக்கு எங்கள் பக்கத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று வியாழக்கிழமையே கிளப்பிக்கொண்டு வந்தேன்.

தேனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜில் தங்கினோம். சாயங்காலம் மேற்கிலிருந்து நல்ல காற்று. புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட சாந்தி, புரோட்டாவுக்கு நல்ல பேர் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்ததும் ஊரையே தள்ளிவைத்துவிட்டாள். “இதுல காபித்தூள் போட்டாங்களா, காட்டினாங்களா?” என்றாள். நான் எங்கள் ஊரை விட்டுக்கொடுக்காமல் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பட்டறைக்குப் போனோம். முதல் ஆள், நான் டேப்பட் என்று சொன்ன உடனே எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி டேப்பட்டை முடுக்கினார். சத்தம் போகவில்லை. இரண்டாவது ஆள் டைனமோ பேரிங் என்றார். மூன்றாவது ஆள் பானட்டைத் திறக்காமலே, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார். மூவரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜீப் டிரைவர்தான் எங்கள் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் வந்தார். “கம்பத்துக்குக் கொண்டு போங்க சார். கம்பம்மெட்டு ரோட்டுல இஸ்மாயில் பாய்னு கேளுங்க. அவுக காதால கேட்டுட்டுத்தேன் ஸ்பானரையே தொடுவாக” என்றார்.

முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகாமல் உருட்டினேன். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். சின்னமனூரில் நிறுத்தி வாழைப்பழம் வாங்கினேன். கடைக்காரர் என்னை மலையாளி என்று நினைத்து மலையாளத்தில் விலை சொன்னார். சாந்தி சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பிறந்த ஊரில் ஒருத்தருக்கும் முகம் தெரியாத எரிச்சலில் மிச்ச தூரத்தை வேகமாக ஓட்டி, சத்தத்தை இன்னும் கூட்டிக்கொண்டேன்.

கம்பத்தில் பட்டறை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், ரெண்டு மணிக்கு வருவார் என்றார்கள். பக்கத்துத் தெருவில் பிரியாணி சாப்பிட்டோம். ஊரில் அய்யர் ஓட்டலைத் தவிர வெளியில் கை நனைக்காத சாந்தி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் முழு மனதோடு சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இஸ்மாயில் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். தொப்பியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டி, கிரீஸ் படிந்த கைலிக்கு மாறிய பிறகுதான் வண்டியிடம் வந்தார். “எப்பருந்து சத்தம் வருது? ஸ்டார்ட் பண்ணுன உடனே கூடுதலா, சூடானப்பறம் கூடுதலா? ஆக்ஸிலேட்டரை விட்டா என்ன ஆகுது?” என்று அடுக்கினார். பதில் சொல்லத் திணறினேன். முன்சீட்டிலிருந்து சாந்தி, “காலை எடுத்தா இன்னும் கடகடங்குதுங்க” என்றாள். பாய் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதலில் பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். சத்தம் அப்படியே இருந்தது. “அப்ப டைனமோவும் இல்ல, தண்ணி பம்பும் இல்ல.” நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் முன்மூடியில் வைத்து, மரப்பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “அண்ணே, இந்த ரோட்டாரையே பாருங்க.” முன்னால் போய், ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகி மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். ஹேண்டில் நன்றாகவே திரும்பியது. ரோட்டார் அசையவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் சோம்பேறித்தனமாக நகர்ந்தது.

“கீழ சுத்துறது மேல போய்ச் சேர இம்புட்டு நேரமாகுது. நடுவுல இருக்கிற டைமிங் செயின் தொளதொளன்னு கெடக்கு. டேப்பட்டை யாரோ சும்மா நோண்டியிருக்காக. அதையும் சரி பண்ணணும்” என்றார். டேப்பட் என்று ஆரம்பித்து வைத்தது நான் என்பதைச் சொல்லவில்லை. சாந்தி என்னைப் பார்த்தாள், அவளும் சொல்லவில்லை.

பட்டறை பெஞ்சில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், நாங்கள் வந்ததிலிருந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். கூடலூர்க்காரர், பெயர் தங்கவேலு. பன்னிரண்டு ஜீப் வைத்திருந்தார். விடியற்காலையில் கூடலூரிலும் கம்பத்திலும் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வரும் ஜீப்புகள். அத்தனைக்கும் ஒரே மெக்கானிக்காக வருடம் பூராவும் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். “பேசி முடிக்கிறதுக்கு முன்ன வேலை செய்யுறதை ரெண்டு நாள் பாத்துக்கிடுறேன்னு உக்காந்திருக்கேன்” என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

அன்றிரவு கம்பத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினோம். சனிக்கிழமை மதுரையிலிருந்து புது செயின் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் அதைத் தன் பைக்குள் வைத்து மறந்துபோய்க் குமுளிவரை கொண்டுபோய்விட்டு, திரும்பி வரும்போதுதான் கொடுத்தார். “என்ன பாய், சைக்கிள் செயினுக்கு இந்தப் பாடா?” என்று வேறு கேட்டார். அதற்குள் பாய் ரேடியேட்டரை இறக்கி, பேனைக் கழற்றி, முன்மூடியைத் திறந்து வைத்திருந்தார். பழைய செயினையும் புதிதையும் ஒரு முனையில் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டிக் காட்டினார். புதியது நிமிர்ந்து நின்றது, பழையது கீழே வளைந்து தொங்கியது. இரண்டு பல்சக்கரங்களிலும் இருந்த புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து, செயினை மாட்டி, ஹேண்டிலால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடியும் புள்ளிகள் சேருகிறதா என்று பார்த்தார். தங்கவேலு பெஞ்சைவிட்டு எழுந்து வந்து அதைக் குனிந்து பார்த்தார்.

ஒன்றுதான் குறை. செயினை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள டென்ஷனர் என்று ஒரு சாமான் இருக்கிறது. அதன் முகத்தில் ஒரு ரப்பர். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதைப் பின்னாலிருந்து தள்ளிச் செயின்மேல் வைக்கும். எங்கள் வண்டி ரப்பரில் செயின் ஓடிய தடம் பள்ளமாக விழுந்திருந்தது. புதியது மதுரையில் கிடைக்கவில்லை, கோயமுத்தூரிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார் பாய். “செவ்வாய்க்கிழமை வரைக்கும் வண்டி இங்கனயே நிக்கட்டும் அண்ணே. நீங்க பஸ்ஸுல போய்ட்டு வந்துருங்க” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கை வீட்டு வாசல் இருக்கிறதே. நான் பிடித்த பிடியில் பழைய ரப்பரையே வைத்து மூடினார்.

வேலை நடக்கும்போது பாய் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பெயர் காதர். சவுதியில் ஒரு பட்டறையில் ஆறு வருடமாக இருக்கிறார். இங்கே பெண்டாட்டி, பிள்ளை. பிள்ளை அப்பாவை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறது. “தங்கவேலண்ணன் வண்டிக வந்துருச்சுன்னா ரெண்டு பேருக்கு வேலை இருக்கு. வந்துருடான்னு போன்ல சொல்லிட்டேன். அவனும் அங்கன வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டான்” என்றார். பேச்சு முடியுமுன்னே சொல்லிவிட்டீர்களே என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை வந்து கைகுடுத்துப் பேசி முடிச்சுருவோம்னு சொல்லியிருக்காக. அவுக சொன்ன சொல்லு மாற மாட்டாக” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குக் கிளம்பும்போது, தங்கவேலு போன பிறகு, கார் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு பாய் சொன்னார். “அண்ணே, ஒண்ணே ஒண்ணு. வரும்போது குமுளி இறக்கத்துல எஞ்சினை அணைச்சுட்டு இறங்கிறாதீக. இது ஆயில்ல நிக்கிற சாமான். எஞ்சின் நின்னா அதுக்குப் பின்னால ஆள் இல்ல. கீழ வந்து கியர்ல போட்டு உதறுனீகன்னா ரப்பர் பிஞ்சுரும். ரெண்டாவது கியர்லயே இறங்குங்க, செவ்வாய்க்கிழமை புதுசு மாத்திக் குடுத்துருறேன்.” சாந்தி, “நான் பாத்துக்கறேன் பாய்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. தங்கை வாசலில் இறங்கினேன். அவள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாந்தியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை பால் பொங்கியது. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் போட்டார்கள். சாந்தி கப்பையைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கிவிட்டு வெறும் பாயசம் குடித்தாள். சாயங்காலம் கடைத்தெருவில் பால் விடாத கட்டன் சாயா குடிக்கும்போது, பக்கத்து மேஜையில் இரண்டு மலையாளி டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மலையாளம் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. “பாண்டிக்காரன் மலையேறும்போது ஹாரன் அடித்தே உயிரை எடுப்பான். இறங்கும்போது எஞ்சின் சத்தமே இருக்காது, பேய் மாதிரி பின்னால் வந்து நிற்பான்” என்றார் ஒருவர். பாண்டிக்காரன் என்றால் அவர்களுக்குத் தமிழ்நாட்டுக்காரன். மற்றவர் கெட்ட வார்த்தை சேர்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கோபமா, ரோஷமா என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டப் பழகிய எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. குமுளி தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பார்கள். கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் நம்பி லோயர் கேம்ப் வரை இறங்குவார்கள். கீழே வந்ததும் சாவியைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் வண்டி ஒரு உதறு உதறி உயிர் பெறும். பெட்ரோல், டீசல் மிச்சம் என்பது பேருக்குச் சொல்லும் காரணம். மலை எனக்குப் பழக்கம் என்று காட்டிக்கொள்வதுதான் நிஜம். பதினெட்டு வயதில் காய்கறி வேன் ஓட்டியபோது நானும் அப்படித்தான் இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை இறக்கம் தொடங்கும் இடத்தில் முன்னால் ஒரு ஜீப் சத்தமில்லாமல் நழுவிப் போவதைப் பார்த்தேன். டிரைவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு போனார். பிறந்த ஊரில் மலையாளத்தில் விலை சொன்னார்களே என்பது ஏனோ ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பினேன். “பாய் வேண்டாம்னாரே” என்றாள் சாந்தி. “அவர் பயந்த ஆள். இது நான் பொறந்த மலை” என்றேன். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் கேட்டன. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு விரிந்தது, மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சசக் குழாய்கள் வெயிலில் மின்னின. ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பத்து நிமிடம் எனக்கு ஆனந்தமாக இருந்தது.

லோயர் கேம்பில் கிளட்சை விட்டேன். வண்டி உதறியது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பழைய கடகடப்பு இரண்டு மடங்காகக் கேட்டது. கம்பம் வரை நடக்கிற வேகத்தில் வந்தோம்.

பட்டறையில் தங்கவேலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட அவருடைய டிரைவர்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் டீ வந்திருந்தது, பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது போல. வண்டி வரும் சத்தம் கேட்டே பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நேராக வந்து ரேடியேட்டரை இறக்கி, எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. முன்மூடியைத் திறந்ததும் ஆயிலோடு ரப்பர் துண்டு ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

“அண்ணே, எஞ்சினை அணைச்சுட்டு இறங்குனீகளா?”

தங்கவேலு பார்த்தார். டிரைவர்கள் பார்த்தார்கள். சாந்தி காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத முட்டாள் என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

“இல்ல பாய். கியர்லதான் இறங்கினேன். செகண்ட் கியர். பவர் ஹவுஸ் கிட்ட ஒரு லாரிக்காக ஓரம்கூட கட்டினேன்.”

கேட்காத விவரத்தைச் சேர்த்துச் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்பது எங்கள் ஆபீஸில் பாலபாடம். யாராவது எழுதிக் கொடுத்த கதையில் அந்த லாரி வந்திருந்தால் நான் உடனே பென்சிலை எடுத்திருப்பேன்.

பாய் கொஞ்ச நேரம் ரப்பரையே பார்த்தார். “அப்படின்னா என் தப்புத்தேன். பழசை நம்பி விட்டிருக்கக் கூடாது” என்றார். தங்கவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பொம்பளையாளுக பதினஞ்சு பேரை ஏத்திக்கிட்டுப் போற வண்டி எங்களது, பாய். யோசிச்சுச் சொல்லுறேன்.” டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பாய் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த புது ரப்பரின் உறையைப் பிரித்தார். வேலை முடிந்ததும் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நான் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அன்று தேனியில் அதே லாட்ஜ். சாந்தி சாப்பிட வரவில்லை. “நான் நாலு பேர் முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். அது தப்பு” என்றாள். பிறகு, “அவர் தம்பி வேலையை விட்டுட்டு வர்றாருன்னு நம்மகிட்டதானே சொன்னாரு. போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் உங்க காருல ஏற மாட்டேன்” என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

புதன்கிழமை காலை தனியாகக் கம்பத்துக்குத் திரும்பினேன். பாய் ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று, அவர் வெளியே வருமுன்பே சொல்லிவிட்டேன். “பாய், நேத்து நான் சொன்னது பொய். அணைச்சுட்டுத்தான் இறங்கினேன்.”

ஸ்பானர் சத்தம் நின்றது. நகர்ந்து வெளியே வந்து, உட்கார்ந்தபடியே கையைத் துடைத்தார். “தெரியும்ணே” என்றார்.

“தெரியுமா?”

“தேஞ்சு போன ரப்பர்னா ஓரம் வழுவழுன்னு இருக்கும். இது படக்குனு பிஞ்சிருந்துச்சு. இப்படிப் பிஞ்சதை நான் எத்தனை பாத்திருக்கேன்.”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?”

“நீங்களே சொல்லிருவீகன்னு கேட்டேன்.” அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நாலு பேரு முன்னால, கஸ்டமர் பொய் சொல்லுறாகன்னு நான் எப்படிண்ணே சொல்லுறது? வண்டியையும் குடுத்து, பொய்யன்கிற பேரையும் வாங்க எவன் இங்கன வருவான்?”

தம்பியைப் பற்றிக் கேட்டேன். அடுத்த வாரம் வருகிறார், எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது என்றார். நான் இப்பவே கூடலூர் போய்த் தங்கவேலுவிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். “சொல்லுங்கண்ணே. என்ன சொன்னாகன்னு மட்டும் வரும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் இங்கனயேதேன் இருப்பேன்” என்றார்.

கூடலூரில் தங்கவேலு ஜீப்புகளை வரிசையாக நிறுத்தியிருந்த காலி மனையில் கயிற்றுக்கட்டிலில் இருந்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எஞ்சினை அணைத்தது, பாய் முன்பே எச்சரித்தது, நான் பொய் சொன்னது. ஆபீஸில் நான் எதிர்பார்க்கும் அந்த ஒழுங்கில், ஒரு விவரம்கூட அதிகமில்லாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

“அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? எங்க பயலுக பன்னெண்டு பேரும் அணைச்சுட்டுத்தேன் இறங்குறாக. நான் ஓட்டுன காலத்துலயும் அப்படித்தேன்.”

“அப்போ பாய் மேல தப்பில்லையே” என்றேன்.

“இருக்குல்ல? அணைச்சு இறங்குனா தாங்காதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. தாங்காத வேலையைச் செஞ்சுட்டு, நீ இப்படி ஓட்டாத, அப்படி ஓட்டாதன்னா, எங்க பயலுக கேப்பாகளா? தினம் ஒரு பஞ்சாயத்து வரும். நேத்தாவது தப்பு எம்மேலன்னு சொன்னாரேன்னு பாவமா இருந்துச்சு. இப்ப நீங்க வந்து சொன்னப்பறம் சுத்தமா முடிஞ்சு போச்சு. குமுளியில ஒரு மெக்கானிக் கேட்டுக்கிட்டிருக்காரு, அவருக்கே வண்டிகளை விட்டுருறேன்” என்றார். உள்ளே பார்த்து எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். மோரைக் குடித்தேன். அதையும் மறுக்கத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், கம்பத்தில் மெயின் ரோட்டிலிருந்து கம்பம்மெட்டு ரோடு பிரியும் இடம் வந்தது. நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். பாய் மதியத் தொழுகைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். சாப்பிடும் நேரம், இந்த நேரத்தில் போய் இதைச் சொல்வது முறையில்லை என்று நினைத்தேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார். அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். தேனி வரை ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாந்தி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “சொன்னீங்களா?” என்றாள். சொன்னேன் என்றேன். “ஜீப்காரர்கிட்டயும்?” அவரிடமும் சொன்னேன் என்றேன். “என்ன சொன்னாரு?”

“பாய்க்கே வண்டியைக் கொடுத்துடறேன்னுட்டாரு. திரும்ப வந்து பாய்கிட்டயும் சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. தம்பிக்கு இன்னைக்கே போன் பண்றேன்னாரு” என்றேன்.

அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. கீழே இறங்கிப் போய் எனக்குப் பூரி வாங்கிக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர் வரை வழியெல்லாம் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள்.